வரும்போது பசியோடு வா, மாப்ளே

ஃபேவர்ஷாம், கென்ட்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்குச் சொல்லப் போவதில்லை. ரிட்டயர் ஆன மறுவாரமே தங்கச்சி உன் கையில் மஞ்சப்பையைக் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தோம். இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போதுதான் முணுமுணுக்கிறது. மகள் மான்செஸ்டரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. இரண்டு பேருக்காக உலை வைப்பது என் வீட்டுக்காரிக்கு அலுத்துவிட்டதால் வாரத்துக்கு ஒரு நாள் வெளியே சாப்பிடப் போகிறோம்.

அதைத்தான் கடைசி வரியில் கிண்டல் செய்திருந்தாய். அங்கே வெளியே போனால் மட்டும் என்ன கிடைத்துவிடப் போகிறது, எல்லாம் உப்பு உறைப்பு இல்லாமல் சப்பென்றுதானே இருக்கும் என்று. அடுத்த வருடம் நீங்கள் இருவரும் வருவதாக இருப்பதால் இதற்குக் கொஞ்சம் விளக்கமாகவே பதில் எழுதுகிறேன்.

2004-ல் வந்த புதிதில் நானும் உன் கட்சிதான். வெளியே போவதென்றால் கறி ஹவுஸ், வேறு நினைப்பே கிடையாது. 'இந்தியன்' என்று போர்டு இருக்கும், உள்ளே நடத்துபவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷின் சில்ஹெட் பக்கத்துக்காரர்கள். மெனுவில் 'மெட்ராஸ்' என்று பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. அப்புறம்தான் தெரிந்தது, இங்கே மெட்ராஸ் என்பது காரத்தின் அளவுக்குப் பெயர். கோர்மா என்றால் காரமே இல்லை, மெட்ராஸ் என்றால் உறைக்கும், விண்டலூ என்றால் அதற்கும் மேல். நம் ஊரை மிளகாய்த்தூள் ஸ்பூனாக்கி வைத்திருக்கிறார்கள்! ஆனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் அங்கே போய் அம்மா கைக்குழம்பைத் தேடியது என் தப்பு. பத்து வருடம் அப்படியே போனது.

பப் பக்கம் போகாததற்கு வேறு காரணம். முதல் தடவை போனபோது பட்ட அவமானம். எங்கள் தெருமுனையில் ஒரு பப் இருந்தது. நானும் இவளும் போய், ஜன்னலோரமாக இடம் பிடித்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். எங்களுக்குப் பின்னால் வந்தவனெல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டான். நம் நிறத்தைப் பார்த்துத்தான் கவனிக்கவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் கொதிக்கிறது. எழுந்து கோட்டை மாட்டும்போது அந்தக் கடைக்கார அம்மா ஓடி வந்தார். "ஐயோ, நீங்கள் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேனே! கவுண்டருக்கு வந்து சொல்ல வேண்டும், கண்ணு" என்றார். மேசை நம்பரைப் பார்த்துக்கொண்டு நாமே எழுந்துபோய், கவுண்டரில் ஆர்டர் சொல்லிக் காசும் கட்டிவிட வேண்டும். சாப்பாடு மட்டும் மேசைக்கு வரும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். முந்திக்கொண்டு கையை நீட்டினாய் என்றால் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள். அந்தப் பார்வை போதும்.

அந்தப் பப்பின் கவுண்டருக்கு மேலே உத்தரத்தில் காய்ந்த கொடி ஒன்றைத் தோரணம் மாதிரி கட்டியிருந்தார்கள். பச்சையும் பழுப்புமாக, சின்னச் சின்னக் காகிதப் பூக்கள் போல. அதுதான் ஹாப்ஸ், பியருக்குக் கசப்பும் வாசனையும் தருவது. கென்ட்டில் பாதிப் பப்களில் இந்தத் தோரணத்தைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் இந்த மாவட்டமே ஹாப்ஸ் தோட்டமாகத்தான் இருந்ததாம். லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த ஏழைக் குடும்பங்கள் செப்டம்பர் வந்தால் பிள்ளைகுட்டிகளோடு ரயிலேறி வந்து, குடிசையில் தங்கி ஹாப்ஸ் பறித்துக் கூலி வாங்கிப் போவார்கள். அவர்களுக்கு அதுதான் வருடாந்திர விடுமுறையும். பிறகு பறிக்க மெஷின் வந்தது, கூட்டம் நின்றது. ஹாப்ஸை உலர்த்திய கூம்புக் கூரைக் கட்டடங்களை இப்போது பணக்காரர்கள் வீடாக்கிக் குடியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே 1698-லிருந்து ஷெப்பர்ட் நீம் பியர் ஆலை ஓடுகிறது. நாட்டிலேயே பழையது என்று சொல்லிக்கொள்கிறார்கள். சில நாள் காலையில் ஊர் முழுக்க மால்ட் வாசனை, பியருக்காக முளைகட்டி உலர்த்திய பார்லியின் வாசனை. நான் குடிக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அந்த வாசனைக்காகவே ஒரு தெரு சுற்றிப் போவேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். என் கண்ணைத் திறந்தது ஒரு மீன்-சிப்ஸ் கடை. எல்லாரையும் போல நானும் காட் மீன்தான் வாங்குவேன். ஒரு நாள் எனக்கு முன்னால் நின்ற கிழவர் "ராக் அண்ட் சிப்ஸ்" என்றார். என்ன மீன் என்று கேட்டால், "அது ராக் சால்மன்" என்கிறார். நானும் அதையே வாங்கினேன். மாவு தோய்த்துப் பொரித்த நீளத் துண்டு. பிட்டால் உள்ளே முள்ளே இல்லை, நடுவில் ஒரே ஒரு மெத்தென்ற குருத்தெலும்பு. வாயில் வைத்தேன். மாப்ளே, சுறா! அம்மா பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுப்பாளே, அந்தச் சுறா. விசாரித்தால் சால்மனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது டாக் ஃபிஷ், சின்னச் சுறா வகை. 'நாய் மீன்' என்றால் எவன் வாங்குவான் என்று வியாபாரிகள் பெயரை மாற்றி வைத்ததுதான் ராக் சால்மன். லண்டனிலும் இந்தத் தென்கிழக்குப் பக்கத்திலும்தான் இதற்கு மவுசு, வடக்கே போனால் கேட்பார் குறைவு. நான் மீன்கடையில் ஒரு கிலோ பச்சையாக வாங்கி வந்து, அவித்து உதிர்த்து, சின்ன வெங்காயத்துக்கு ஷேலட் போட்டுப் புட்டு கிண்டினேன். இவள் சைவம், அடுக்களைப் பக்கமே வரவில்லை. இரண்டு நாள் நான் ஒருவனே தின்றேன்.

அதற்குப் பிறகுதான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். எங்கே போனாலும், இந்த மாதம் இங்கே பக்கத்தில் என்ன கிடைத்தது, அதை வைத்து என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். பரிமாறுகிறவர்களின் முகமே மாறிவிடும்.

எங்கள் ஊரிலிருந்து ரயிலில் பத்து நிமிடத்துக்குள் விட்ஸ்டபிள். சிப்பிக்குப் பேர்போன ஊர். ஹை ஸ்ட்ரீட்டில் ரோஸ் நிற முகப்போடு வீலர்ஸ் என்று ஒரு கடை, 1856-லிருந்து இருக்கிறது, நம் ஊர்ப் பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிது. சிப்பியில் இரண்டு ஜாதி. நேட்டிவ் என்பது இந்தக் கடலுக்கே உரியது, தட்டையாக வட்டமாக இருக்கும், வளர்ந்து தட்டுக்கு வர நாலைந்து வருடம் பிடிக்கும். கோடையில் அது முட்டையிடும் காலம் என்பதால் மே முதல் ஆகஸ்ட் வரை தொட மாட்டார்கள். ஆங்கில மாதப் பெயரில் 'ஆர்' எழுத்து இருந்தால் சாப்பிடலாம் என்பது பழைய கணக்கு. ராக் என்பது பசிபிக் ஜாதி, நீளமாகக் குழிவாக இருக்கும், வளர்ப்பது, வருடம் முழுக்கக் கிடைக்கும். கவனி, சுறாவும் ராக், சிப்பியும் ராக். கடை மாறினால் பொருள் மாறும்.

முதல் தடவை துறைமுகத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் சாப்பிட்டேன். கட்டைக் கத்தியை ஓட்டின் மூட்டில் சொருகி ஒரு திருகு திருகினார், 'டக்'கென்று திறந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிப்பதுபோல மடக்கென்று விழுங்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறாயே, மென்று பார்" என்று இன்னொன்றை இனாமாகக் கொடுத்தார். மென்றால் முதலில் உப்புத் தண்ணீர், அப்புறம் இளநீர் வழுக்கையின் இனிப்பு, கடைசியில் நாக்கில் செம்புக்காசை வைத்தது போல ஒன்று. பிடித்ததா என்று கேட்டால் அன்றைக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். நாலாவது தடவைதான் பிடித்தது. ரோமானியர்களே இந்தக் கென்ட் கரைச் சிப்பியைக் கொண்டுபோய்த் தின்றிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஏழைகளின் சாப்பாடு. இப்போது ஆறு சிப்பிக்குக் கொடுக்கும் காசில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கலாம்.

விட்ஸ்டபிளுக்குப் பக்கத்திலேயே சீசால்டர். கடல் சுவரை ஒட்டி, ஆடு மேயும் சதுப்பு நிலத்தில் தி ஸ்போர்ட்ஸ்மன் என்று ஒரு பப். வெளியிலிருந்து பார்த்தால் வண்டியை நிறுத்தத் தோன்றாது. 2008-ல், நல்ல ஓட்டல்களுக்கு மிஷலின் வழிகாட்டிப் புத்தகம் கொடுக்கும் நட்சத்திரத்தை வாங்கியது. சமையல்காரர் ஸ்டீஃபன் ஹாரிஸ் எந்தக் கேட்டரிங் கல்லூரிக்கும் போகாமல் தானாகக் கற்றுக்கொண்டவர். எதிரே இருக்கும் கடல் நீரைக் காய்ச்சி உப்பெடுத்தார், வெண்ணெயை அங்கேயே கடைந்தார். சீசால்டர் என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது பார். 1086-ல் இங்கிலாந்து அரசர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கிலேயே இந்த இடம் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் (தலைமைப் பேராயரின்) அடுக்களைக்குச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறது. கோயில் மடப்பள்ளிக்கு மானியம் விட்ட கிராமம் மாதிரி. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு முன்கூட்டியே பதிவு செய்து போனோம். எனக்கு வந்தது கடற்பாசி வெண்ணெயில் சுட்ட குட்டி சோல் மீன். நம் நாக்கு மீனின் சொந்தக்காரன்தான். ஒரு மீன், ஒரு தட்டு, அவ்வளவுதான். மேலே கொத்துமல்லிகூட இல்லை. முள்ளைவிட்டுச் சதை பட்டை பட்டையாகக் கழன்று வந்தது. மசாலாவைத் தேடும் நாக்கு அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இவள் பாடு என்ன என்று தங்கச்சி கேட்கும். முன்பெல்லாம் சைவம் என்றால் காளான் ரிசோட்டோ, இல்லையென்றால் ஆட்டுப்பால் சீஸ் வைத்த டார்ட். எந்த ஊருக்குப் போனாலும் அதே இரண்டு. "இந்த நாட்டுக் காளானையெல்லாம் நானே தின்று தீர்த்தேன்" என்பாள். இப்போது நிலைமை தேவலை. கேன்டர்பரி வெஸ்ட் ஸ்டேஷனை ஒட்டிப் பழைய ரயில்வே சரக்குக் கொட்டகையில் தி குட்ஸ் ஷெட் என்று உழவர் சந்தை நடக்கிறது, அதற்குள்ளேயே ஓட்டலும் இருக்கிறது. கீழே விற்கிற காய்தான் மேலே தட்டுக்கு வரும். பீட்ரூட்டும் காப்நட்டும் (இங்கத்திய ஹேசல் கொட்டை, ஆகஸ்ட் கடைசியில் பச்சையாக வரும்) போட்டு ஒன்று கொடுத்தார்கள், அவளே இரண்டாம் தரம் கேட்டாள்.

இனிப்பில் ஜிப்ஸி டார்ட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். சுண்டக் காய்ச்சிய டப்பாப் பாலையும் கறுத்த நாட்டுச் சர்க்கரை போன்ற மஸ்கவாடோவையும் நுரை பொங்க அடித்து, மாவுக் கிண்ணத்தில் ஊற்றி லேசாக வேகவைப்பது. கென்ட் பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் போட்டது. ஐம்பது வயதுக்காரர்கள்கூட அதைப் பார்த்தால் டவுசர் போட்ட பையனாகிவிடுகிறார்கள். ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட்டால் பல் கூசும்.

வருவதற்கு முன் சில விஷயம் மனதில் வைத்துக்கொள். ஞாயிறு மதியம் ரோஸ்ட் (அடுப்பில் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) சாப்பிட வேண்டுமென்றால் மூன்று மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். நம் வழக்கப்படி நாலு மணிக்கு ஆடி அசைந்து போய்ப் பூட்டின அடுக்களையைப் பார்த்துத் திரும்பியது எத்தனையோ தடவை. தண்ணீர் கேட்டால் பாட்டிலைத் தள்ளப் பார்ப்பார்கள். 'டேப் வாட்டர்' என்று சொல், மது விற்கிற இடமென்றால் இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பது சட்டம். ஒவ்வாமை உண்டா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதே, ஒவ்வாமை தரக்கூடிய பதினாலு பொருளில் எது எதில் இருக்கிறது என்று அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று பத்து, பன்னிரண்டு சதவீதம் சேர்ந்திருக்கும், வேண்டாமென்று எடுக்கச் சொல்லலாம். முன்பு நான் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024 அக்டோபரிலிருந்து அந்தக் காசு முழுவதும் வேலை செய்கிறவர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்தபின் வாயை மூடிக்கொண்டு கட்டிவிடுகிறேன்.

தெருமுனைப் பப்பைப் பற்றி ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு அதனால் எழுந்திருக்க முடியவில்லை. 2020 ஆகஸ்டில் திங்கள் முதல் புதன் வரை பாதி விலைக்குச் சாப்பிடலாம், ஆளுக்குப் பத்து பவுண்டு வரை அரசாங்கம் தரும் என்றார்கள். அந்த மாதம் கூட்டம் வந்தது, அப்புறம் குளிர்காலம் வந்தது. கரண்ட் பில், இருபது சதவீத வரி, ஆள் பஞ்சம் எல்லாம் சேர்ந்துகொண்டன. இப்போது அது நாலு ஃபிளாட். மூடுகிற அன்றைக்கு அந்தக் கடைக்கார அம்மா ஏணி போட்டு ஏறி, தோரணத்தில் ஒரு முழம் வெட்டி என் கையில் கொடுத்தார். எங்கள் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. தாளிக்கும்போது ஆவி பட்டு, ஒவ்வொரு இதழாகச் சாம்பாரில் உதிர்கிறது. கசக்கிறது என்று இவள் தினமும் திட்டுகிறாள், ஆனால் கழற்றவும் விட மாட்டேன் என்கிறாள்.

டிக்கெட் போடும்முன் தேதி எழுது. செப்டம்பர் இரண்டாம் வாரம் என்றால் சிப்பியும் இருக்கும், ஆப்பிளும் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்காரன்