திப்பியிலும் புரதம் விளையும்

ஐயா,

நுண்ணுயிர் நொதித்தல் மூலம், அதாவது பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களைத் தீனி போட்டு வளர்த்து, புரதம் தயாரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிரிட்டனில் 1985-லேயே பூஞ்சைப் புரதம் கடைக்கு வந்துவிட்டது, 2024 ஆகஸ்டில் நம் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட, உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை ஊக்குவிக்கும் பயோஇ3 கொள்கையிலும் மாற்றுப் புரதம் இருக்கிறது. சரி, அந்தப் பூஞ்சைக்குத் தீனி? அது எங்கள் ஊரிலேயே கிடக்கிறது. ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் திப்பியைக் களத்தில் காயப் போட்டிருப்பார்கள், ஒரு மழை பிடித்தால் போதும், இரண்டே நாளில் புளித்துப் பூஞ்சை பூத்து, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் நடக்க முடியும். அதில் மாவுச்சத்து இன்னும் நிறைய இருக்கிறது, புரதப் பூஞ்சைக்கு அதுவே தீனி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் திப்பியை வைத்து நாமக்கல்லில் ஒரு சோதனை ஆலை தொடங்க வேண்டும். முதலில் சோயா புண்ணாக்குக்குப் பதிலாகக் கோழித்தீவனத்தில், அப்புறம் முறையாகப் பரிசோதித்து நம் தட்டில்.

— ஒரு வாசகர், ராசிபுரம்