திருவிழாவுக்கு என்ன படம் போடுவது?

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். மழை, பிள்ளைகளுக்குச் சளி, ஸ்டோருக்கு வரும் கொழுந்து குறைவு, அவ்வளவுதான் செய்தி. விசேஷத்துக்கு வரவில்லை என்று தங்கச்சி திட்டினாளாம். அவளுக்குத் தனியாக எழுதித் தப்பித்துக்கொள்கிறேன்.

உன்னைக் கோயில் கமிட்டியில் சேர்த்ததே பெரிய செய்தி. அதற்கு மேல், தேருக்கு முந்திய மூன்று இரவும் பிரட்டுக்களத்துத் திறந்தவெளியில் படம் போடும் பொறுப்பையும் உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றால், படம் போடத் தெரிந்த ஆள் ஒருவரும் கமிட்டியில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். படப்பட்டியல் மட்டும் போதும் என்று எழுதியிருந்தாய். பட்டியலை மட்டும் அனுப்பினால், மைக் செட் அண்ணன் சவுக்கு மரத்தில் இரண்டு ஹோர்னைக் கட்டிவிட்டுப் போய்விடுவார், மூன்று படமும் நாசம். அதனால் படத்தோடு சேர்த்து, அதை எப்படிப் போடுவது என்பதையும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதல் இரவு 'முள்ளும் மலரும்'. இதில் பேச்சுக்கே இடமில்லை. புது ரஜினி படம் கேட்டு இளந்தாரிகள் சண்டை பிடிப்பார்கள். 'இதுவும் ரஜினி படம்தான், 1978இல் வந்தது' என்று சொல்லி வாயை அடை. மகேந்திரன் இயக்கிய முதல் படம், பாலு மகேந்திரா தமிழில் ஒளிப்பதிவு செய்த முதல் படம், இளையராஜா இசை. இதெல்லாம் உனக்கும் தெரியும். நம்ம ஆட்களுக்கு இந்தப் படம் ஏன் பிடிக்கும் என்பதற்கு எனக்கு வேறு காரணம் இருக்கிறது. காளி ஒரு மின்நிலையத்தில், கம்பியில் இழுத்து மலையேற்றும் வின்ச் ஓட்டுகிறவன். நம்ம மலையகத்தில் பவர் ஹவுஸ் இருக்கிற மஸ்கெலியா, நோர்ட்டன் பக்கத்து ஆளுக்கு வின்ச், தண்ணீர் பைப், பவர் ஹவுஸ் எதற்கும் விளக்கம் வேண்டாம். ஊர்ச் சனத்தை வின்ச்சில் சும்மா ஏற்றிக்கொண்டு போகிறான். புதிதாக வந்த இன்ஜினியர் சட்டம் பேசித் தடுக்கிறார். இன்ஜினியர் கெட்டவர் இல்லை, அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் மலையில் ஏறி இறங்குகிறவனுடைய காலை நினைக்காத நியாயம். துரை நல்லவராக இருந்தாலும் துரைதானே என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பேச்சை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிய படம் தமிழில் இது ஒன்றுதான் என்பது என் கட்சி. முடிவிலும் பார், தங்கை அந்த இன்ஜினியரைக் கட்டிக்கொள்ளக் காளி விட்டுக்கொடுக்கிறானே தவிர, அந்த ஆளைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை விட்டுக்கொடுப்பதில்லை. (கிளைமாக்ஸ் கோவிந்தனைப் படம் முடியும்வரை தேநீர்க் கடையிலேயே உட்கார வை.)

இந்தப் படத்தின் உயிர் அதன் மௌனத்தில் இருக்கிறது. தங்கையாக வரும் ஷோபா ஒன்றும் பேசாமல் அண்ணனைப் பார்க்கும் இடங்களில் பின்னால் ஜெனரேட்டர் இரைந்தால் சனம் கதை பேச ஆரம்பித்துவிடும், அதன்பிறகு படத்தை மீட்க முடியாது. அதனால் முதலில் சத்தத்தைச் சரிசெய். படம் பிறகு.

ஹோர்ன் வேண்டவே வேண்டாம். அது கோயில் அறிவிப்புக்குச் செய்தது. அடித்தொனி முழுவதையும் வெட்டிவிடும், 'செந்தாழம் பூவில்' கேட்டால் யேசுதாஸுக்குத் தடிமன் பிடித்ததுபோல இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தூரம். சத்தம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். திரைக்குப் பக்கத்தில் ஒன்று, நூறு மீட்டர் தள்ளி மேட்டு லய வீடுகளில் ஒன்று என்று கட்டினால், ஒன்றுக்குக் கிட்ட இருக்கிறவனுக்கு ஒரே வசனம் இரண்டு தடவை கேட்கும். தூர வித்தியாசம் 17 மீட்டரைத் தாண்டினாலே காது அதை எதிரொலியாகப் பிரித்துவிடும். இரண்டு பெட்டி ஸ்பீக்கர் போதும். திரையின் இரு பக்கமும், ஆறடி உயரத்தில், கடைசி வரிசையைப் பார்த்து இலேசாக உள்ளே திருப்பி வை. திரையை விட ஓரடி முன்னால் இருக்கட்டும், பின்னால் போனால் துணி சத்தத்தை மழுக்கும். சத்தத்தைப் பாட்டை வைத்து அளக்காதே, வசனத்தை வைத்து அள. கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கு ஷோபா பேசுவது விளங்கினால் அந்த இடத்தில் குமிழை விட்டுவிடு.

புளூடூத்தும் வேண்டாம். வாய் ஒரு நேரம் அசையும், சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். வயர் இழு. இழுத்ததும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அம்ப்ளிஃபயரையும் ப்ரொஜெக்டரையும் ஒரே பலகையிலிருந்து எடுத்துப் பார், பெரும்பாலும் நின்றுவிடும். புதுப் படங்களில் இன்னொரு வினோதம் நடக்கும்: பாட்டும் சண்டையும் நன்றாகக் கேட்கும், வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஸ்பீக்கர் பிழையில்லை. ஆறு தடத்தில் சேர்த்த ஒலியில் வசனம் நடுத்தடத்தில் இருக்கும், உன் இரண்டு ஸ்பீக்கருக்கும் அது வந்து சேரவில்லை. மடிக்கணினியில் ஆடியோவை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் தீரும்.

கரண்ட் போகும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ப்ரொஜெக்டருக்கு ஏறத்தாழ 300 வாட், அம்ப்ளிஃபயருக்கு 500 என்று வைத்தாலும் 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம். அதைப் பிள்ளைகளைப் பார்க்கும் புள்ள காம்பராவுக்குப் பின்னால், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக வை. கட்டடம் பாதிச் சத்தத்தை விழுங்கும். வயரைச் சுருளில் விட்டபடி ஓட்டாதே, சுருள் சூடேறி உருகும். முழுவதையும் விரி.

இனித் திரை. இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைக்கலாம் என்று எழுதியிருந்தாயே, காளியின் முகத்துக்குக் குறுக்கே தையல் ஓடும். 90 அங்குல அகலத்தில் பெட்ஷீட் துணி விற்கிறார்கள், நாலரை யார் வாங்கு. பன்னிரண்டடி அகலம், ஆறே முக்காலடி உயரத்துக்கு ஒரு தையலும் இல்லாமல் வரும். முதுகில் கறுப்புத் துணி கட்டாயம். இல்லாவிட்டால் வெளிச்சத்தில் ஒரு பங்கு துணியைத் துளைத்துக்கொண்டு பின்னால் போய்விடும், இருட்டுக் காட்சி எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். மேலே ஒரு பைப், கீழே ஒரு பைப். கீழ்ப் பைப்பின் பாரம் துணியைச் சுருக்கமில்லாமல் வைத்திருக்கும். மூலைகளைக் கயிற்றால் இறுக்காமல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டு. உன் பக்கத்துக் காற்றுக்குக் கயிறு துணியைக் கிழிக்கும், டியூப் இழுபட்டுத் திரும்பி வரும். கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும்.

ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியில் ஒட்டியிருக்கும் 9000, 12000 என்பதை நம்பாதே. 'அன்ஸி லூமென்ஸ்', அதாவது முறையாக அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று கேள். அதில் 3000 இருந்தால் இந்த அளவுத் திரைக்குப் போதும். பெரும்பாலானவற்றுக்குத் திரை அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். உனக்குப் பதினெட்டடி. அதை விடத் தள்ளி வைக்காதே, ஏனென்றால் உன் உண்மையான எதிரி மூடுபனி. வெளிச்சம் எவ்வளவு தூரம் பனிக்குள்ளால் போகிறதோ அவ்வளவுக்குக் கறுப்பு வெளுக்கும். பாலு மகேந்திரா இருக்கிற வெளிச்சத்தில் எடுக்கிற ஆள், அவர் நிழலாக விட்டதை நீ பாலாக்கிக் காட்டினால் பாவம். கற்பூரப் புகையும் பட்டாசுப் புகையும் அதே வேலையைத்தான் செய்யும், பூசாரியிடம் இப்போதே சொல்லிவை. பனி லென்ஸிலும் படியும். படத்துக்கு அரை மணிநேரம் முன்பே ப்ரொஜெக்டரை ஓடவிடு, தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். இடைவேளையில் அணைக்காமல் திரையை மட்டும் மறை. முடிந்த பிறகு விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதே, விளக்கு போய்விடும். சித்திரையில் பின்னேர இடிமழை வரும், வந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்று. ஏழு மணிக்கு முன் தொடங்கினால் வானத்து வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

பழைய படம் என்பதால் ஒன்றைக் கவனி. முகங்கள் எல்லாம் அகலமாக, ஆட்கள் குட்டையாகத் தெரிந்தால் யாரோ படத்தை இழுத்து வைத்திருக்கிறார்கள். 4:3க்கு மாற்று. உன் திரையில் படம் ஒன்பதடி அகலத்துக்கு வரும், இரு பக்கமும் ஒன்றரை அடி கறுப்பாக நிற்கும். கமிட்டித் தலைவர் 'திரை வீணாகிறதே' என்பார். வீணாகட்டும்.

இரண்டாம் இரவுக்கு நீ பாலாவின் தேயிலைத் தோட்டப் படமான 'பரதேசி' கேட்டாய். நான் மறுக்கிறேன். 48 நாள் நடைபயணம், கங்காணியின் முற்பணம், தீராத கடன் எல்லாம் உண்மை. செழியனின் ஒளிப்பதிவும் மேல். ஆனால் மூலமான 'ரெட் டீ'யை எழுதிய பி. எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை செய்த டாக்டர், தொழிலாளருக்காக நின்றவர். பாலா படத்தில் வரும் டாக்டரைப் பார்! மதம் மாற்ற வந்த கோமாளியாக்கி ஒரு ஆட்டமும் ஆடவிட்டிருக்கிறார். அந்த ஒரு பாட்டுக்காகவே எனக்கு அந்தப் படத்தோடு கோபம். நாவலை 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார், அதை வாசிகசாலைக்கு வாங்கு. பாட்டன் பூட்டன் பட்டதைத் தேர்த் திருவிழாவில், சர்பத் குடித்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

பதிலுக்கு 'காதலிக்க நேரமில்லை' போடு. சிரிக்காதே, காரணத்தோடுதான் சொல்கிறேன். 1964இல் வந்த அந்தப் படம் ஒரு தோட்ட முதலாளியைக் கேலி செய்வது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ரவிச்சந்திரன் பாலையா வீட்டு வாசலிலேயே கூடாரம் அடித்து 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று பாடுகிறாரே, தொழிற்சங்கத்தில் ஊறிய நம்ம சனத்தை விட அதை ரசிக்க ஆள் ஏது? நாகேஷ் பேய்க்கதை சொல்லிப் பாலையாவைப் பயமுறுத்தும் இடத்துக்கு நல்ல ஸ்பீக்கர் வேண்டும். அத்தனை சத்தமும் அவர் வாயாலேயே வருவது, பாலையா அவ்வளவையும் முகத்தாலேயே வாங்குவது. ஹோர்னில் கேட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

மூன்றாம் இரவுக்கு என் ஆசை பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்'. 2022 நெருக்கடி நேரத்தில் கேரளத் தம்பதி ஒன்று இராமாயணச் சுற்றுலாவாக நம்ம மலைநாட்டுக்கு வருகிறது, தங்கின இடத்தில் களவு போகிறது, பொலிஸ் தோட்டத்து ஆட்கள் மூவரைப் பிடிக்கிறது. அதன்பிறகு எல்லாம் கைமீறிப் போகிறது. நம்மைச் சுற்றுலாப் பயணியின் ஜன்னலிலிருந்து காட்டியே அந்த ஜன்னலை உடைக்கிற படம். மஹேந்திர பெரேராவின் பொலிஸ்காரரைப் பார், கெட்டவராக நடிக்காமலே பயமுறுத்துகிறார். ஆனால் புதுப் படம், தயாரிப்பாளரிடம் எழுதி அனுமதி வாங்காமல் போடாதே. மலையாளம், ஆங்கிலம், சிங்களம், தமிழ் எல்லாம் கலந்து வருவதால் சப்டைட்டில் வேண்டும். தமிழ் எழுத்தென்றால் ப்ரொஜெக்டரின் யூ.எஸ்.பி.யில் நேராகப் போடாதே, கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும். மடிக்கணினியில் ஓட்டு. பென்டிரைவ் பழைய ஃபட் 32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, அதையும் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து என்னைக் கூப்பிடாதே.

அனுமதி கிடைக்காவிட்டால் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'. கடைசி ஸ்டேஷன் காட்சி ஊட்டிப் பக்கத்துக் கேத்தியில் எடுத்தது. அங்கே மீட்டர் கேஜ், நம்ம பதுளை லைன் ஐந்தரை அடிப் பாதை. ஆனாலும் நானுஓயா பிளாட்பாரத்தில் மழையில் நின்றவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சிலுக்கு பாட்டுக்குப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பாலு மகேந்திரா மட்டக்களப்பு மண் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் சின்ன வயதில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்த்த பிறகுதான் சினிமாப் பைத்தியம் பிடித்தது என்று சொன்னவர். அது எடுத்த இடம் கித்துல்கல. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பஸ் அந்த வழியாகத்தானே போகிறது. மைக்கில் அறிவிக்கும்போது இதைச் சொல், விசில் பறக்கும்.

வி. பி. கணேசனின் 'புதிய காற்று'ம் கேட்டிருந்தாய். மலையகத் தொழிலாளரை வைத்து 1975இல் நம்ம ஆட்களே எடுத்த படம், போட முடிந்தால் எனக்கும் சந்தோஷம்தான். 83 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது எத்தனையோ படங்களின் நெகட்டிவ் சாம்பலானது. நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் உடனே எழுது, பட்டியலையே மாற்றிவிடலாம்.

'விடாது கருப்பு'வைத் துண்டு துண்டாக முன்னால் ஓட்டலாமா என்றாயே, வேண்டாம். நாகாவின் அந்தத் தொடர் தமிழ் டீவியில் வந்ததிலேயே கெட்டிக்காரத்தனமானது என்பதில் உன்னோடு சேர்கிறேன். ஆனால் அது வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு வாரம் காத்திருந்து பார்க்கிற சாமான். முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் இரவு எட்டு மணிக்கு அதைப் போட்டால் அப்புறம் பீலிக்கு யாரும் தண்ணீர் எடுக்கப் போகமாட்டார்கள். உன் மாமியாரின் சீரியலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

துணி வாங்கினதும் ஓரம் மடிக்க முன் அளவை எழுதி அனுப்பு. கறுப்புத் துணியை நான் இங்கே எடுத்துத் தைத்து பதுளை ரயிலில் கொடுத்தனுப்புகிறேன். வளையம் அடிக்கு ஒன்றாக வைக்கவா, ஒன்றரை அடிக்கு ஒன்றாகவா என்று மட்டும் சொல். உன் பக்கத்துக் காற்றுக்கு அடிக்கு ஒன்றுதான் சரி என்று நினைக்கிறேன்.

உன்,
மச்சான்