முதல் பேட்டர் யார்?

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். வெயில் காலை ஒன்பது மணிக்கே முதுகைச் சுடுகிறது. பையன்களை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டேன்.

உன் பள்ளி பேஸ்பால் அணியில் யாரை முதலில் இறக்குவது என்று கேட்டிருந்தாய். நன்றாக ஓடுகிற பையனைத்தான் நீயும் மனதில் வைத்திருக்கிறாய். நானும் இரண்டு வருஷம் அதையே செய்தேன். குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பையன், நூறு மீட்டரில் எங்கள் பள்ளியிலேயே முதல். அவனைத்தான் அனுப்புவேன். கண் உயரத்துக்கு வருகிற பந்தைக்கூட விடமாட்டான், சுற்றிவிடுவான். சுற்றித் தவறவிட்டாலும், அடிக்கக்கூடிய பந்தை விட்டாலும் ஒரு ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனதும் வந்து உட்கார்ந்துவிடுவான். ஓடிப்போய் நிற்கிற பேஸில் ஏறினால்தானே அந்தக் காலுக்கு வேலை?

இந்த வருஷம் பொய்கைப் பையன் ஒருவனை முதலில் அனுப்புகிறேன். கொஞ்சம் கனத்த உடம்பு, ஓட்டம் சுமார்தான். ஆனால் அவன் நிற்பதை நீ பார்க்க வேண்டும். பந்து பிட்சர் கையை விட்டதிலிருந்து கேட்சரின் கிளவுஸில் விழும்வரை கண்ணாலேயே கொண்டுபோய் விடுவான். மட்டை தோளை விட்டு அசையாது. நாலாவது பால், அதாவது அடிக்கிற எல்லைக்கு வெளியே போன நாலாவது பந்து, ஆனதும் மட்டையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடப்பான். அவன் அப்பா பொய்கை மாட்டுச் சந்தையில் தரகர். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர், முதலில் சொன்ன விலைக்கு ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். பையனுக்கும் அதே பொறுமை.

இன்னொரு லாபமும் உண்டு. அவன் ஏழெட்டுப் பந்து போடவைத்துவிடுவான். பெஞ்சில் இருக்கிற மற்றவர்கள் அதற்குள் பிட்சரிடம் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள்.

அமெரிக்க ஆட்டக்காரர் ரிக்கி ஹெண்டர்சன் என்றாலே எல்லாரும் பேஸ் திருடியதைத்தான், அதாவது பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டதைத்தான், சொல்கிறார்கள். 1982இல் மட்டும் 130, மொத்தம் 1,406. ஆனால் வாக் வாங்கியே, அதாவது நாலு பால் விட்டு நடந்தே, 2,190 தடவை முதல் பேஸுக்குப் போனவர் அவர். பேஸில் அத்தனை தடவை ஏறியதால்தான் அத்தனை திருட முடிந்தது. 2,295 ரன் எடுத்தார், அதுவும் சாதனைதான். 2023இல் பிலடெல்பியா அணி கைல் ஷ்வார்பரை முதலில் இறக்கியது. வேகமான ஆளே இல்லை. அடித்த சராசரி வெறும் .197, பத்துத் தடவைக்கு இரண்டு அடிகூட இல்லை. ஆனால் 126 வாக், 47 ஹோம் ரன். சராசரியை மட்டும் பார்த்தவர்கள் திட்டினார்கள். எனக்கு அந்த அணி செய்தது சரியென்றே படுகிறது.

இங்கே பெற்றோர்கள் கிரிக்கெட் ஓப்பனரை வைத்துத்தான் இதையும் புரிந்துகொள்கிறார்கள். அது பொருந்தாது. கிரிக்கெட்டில் அவுட்டானால் அந்த இன்னிங்ஸில் அவன் வேலை முடிந்தது. இங்கே ஒன்பது பேரும் முடிந்ததும் வரிசை மறுபடி முதல் ஆளிடம் வரும். அவன் ஆட்டத்தைத் தொடங்குவது நிச்சயமாக ஒரு தடவைதான். ஆனால் அணியில் யாரையும்விட அவனுக்கு வாய்ப்பு அதிகம். அதிகம் அவுட்டாகிறவனுக்கு அதிக வாய்ப்பு கொடுத்தால் நமக்குத்தான் நஷ்டம்.

சரி, குடியாத்தத்துப் பையனை என்ன செய்தேன் என்று கேட்பாய். ஒன்பதாவதாக வைத்திருக்கிறேன். முதல் நாள் முகம் வாடிவிட்டது, இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: "நீ பேஸ் ஏறிவிட்டால் அடுத்து வருகிறவன் பொய்கைக்காரன். அவன் நிறைய பந்து பார்ப்பான். நீ திருடுவதற்கு நேரம் கிடைக்கும்." புரிந்துகொண்டான். இப்போது தினமும் மட்டை இல்லாமல் பேட்டர் நிற்கிற பிளேட் அருகே நிறுத்துகிறேன். பந்து வர வர "பால்", "ஸ்ட்ரைக்" என்று அவனே சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் இருபதில் எட்டு சரி. நேற்று பதினான்கு. அவன் கண் பழகிவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி முதலில் அனுப்புவேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீயும் உன் பையன்களை வரிசையாக அப்படி நிறுத்து. ஓட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு இருபதில் எத்தனை என்று குறித்து எனக்கு எழுது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் காட்பாடி நண்பன்