புடாபெஸ்ட் வார இறுதிப் பயணம்: மாணவர் ஐவரின் இழப்பு குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்:
மாணவர் விசா, தங்குமிட வழிகாட்டுநர்கள் மூவர்,
பயணிகள் ஐவரின் எழுத்து ஒப்புதலுடன்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழிப் பயண முன்பதிவு நிறுவனம்,
புதுச்சேரி.

பொருள்: முன்பதிவுப் படிவத்தில் நாட்டுரிமை, பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றைத் தவறாக நிரப்பியதால் மாணவர் மூவர் விமானம் ஏற முடியாமல் போனது, கட்டணமும் கைச்செலவும் திரும்பக் கேட்பது.

ஐயா,

வணக்கம். பாரிஸில் முதுகலை படிக்கும் புதுச்சேரிப் பிள்ளைகள் ஐந்து பேர், சனிக்கிழமை காலை கிளம்பி திங்கட்கிழமை காலை திரும்பும்படி ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்ட் போய்வர உங்களிடம் ‘மாணவர் வார இறுதித் தொகுப்பு’ வாங்கினார்கள். தலைக்கு 14,800 ரூபாய் வீதம் 74,000 ரூபாயை அவர்களின் பெற்றோர் இங்கிருந்தே உங்கள் இணையதளத்தில் யுபிஐ மூலம் கட்டினார்கள். ஐவரில் இருவர்தான் விமானம் ஏறினார்கள். மூவரை விமானம் ஏறும் வாயிலான ‘கேட்’டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போய்ச் சேர்ந்த இருவருக்கும் அங்கே படுக்கை இல்லை.

நாங்கள் அனுப்பிய முதல் மின்னஞ்சலுக்கு நீங்கள் தந்த பதில் ஒரே வரி: “பயண ஆவணங்களைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு.” ஆவணங்கள் ஐவரிடமும் சரியாகவே இருந்தன. தப்பு நீங்கள் நிரப்பிய படிவத்தில் இருந்தது. அதைக் காகிதத்தோடு காட்டவே இந்தக் கடிதம்.

ஐவரில் இருவரிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. மற்ற மூவரிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டும், அதில் ஒட்டிய பிரெஞ்சு நீண்டகால மாணவர் விசாவும், பிரான்சில் இறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிசெய்துகொண்ட சான்றும். இந்த விசா செல்லுபடியாகும் காலத்தில், ஷெங்கன் பகுதியின் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) மற்ற நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். ஹங்கேரி 2007 டிசம்பரிலிருந்தே ஷெங்கன் நாடு. ஆக, இந்தப் பயணத்துக்கு வேறு விசா தேவையில்லை. மூவரும் அசல் பாஸ்போர்ட்டையும் சான்றின் நகலையும் கையிலேயே வைத்திருந்தார்கள்.

நீங்களோ, “செக்-இன்னை நாங்களே இலவசமாகச் செய்து தருகிறோம்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு, ஐந்து பேருக்கும் நாட்டுரிமைக் கட்டத்தில் ‘பிரான்ஸ்’ என்றே போட்டுவிட்டீர்கள். முதல் பயணியின் விவரத்தை மற்ற நால்வருக்கும் அப்படியே இறக்கியிருப்பது உங்கள் முன்பதிவுத் தாளிலேயே தெரிகிறது. பாஸ்போர்ட் எண்கள் மட்டும் சரியாக இருக்கின்றன. எண்ணைப் பார்த்துத் தட்டச்சு செய்தவருக்கு, அதே பக்கத்தில் இருக்கும் நாட்டின் பெயர் கண்ணில் படவில்லையா?

இது சின்னத் தவறு இல்லை. நீங்கள் டிக்கெட் எடுத்த சிக்கன விமான நிறுவனத்தின் விதிப்படி, ஐரோப்பிய நாட்டுரிமை இல்லாதவரின் போர்டிங் பாஸில் ‘விசா சரிபார்ப்பு’ என்ற குறிப்பு வரும். அவர் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன்பே நிறுவனத்தின் கவுன்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டி முத்திரை வாங்க வேண்டும். நாட்டுரிமை ‘பிரான்ஸ்’ என்று இருந்ததால் மூவரின் போர்டிங் பாஸிலும் அந்தக் குறிப்பு வரவில்லை. குறிப்பு இல்லாதபோது கவுன்டருக்குப் போக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போனார்கள். அங்கே போர்டிங் பாஸின் பார்கோடை மட்டும் எந்திரம் படித்தது. ஷெங்கன் நாட்டிலிருந்து ஷெங்கன் நாட்டுக்குப் போகும் விமானம் என்பதால் குடியேற்றச் சோதனையும் கிடையாது. ஆக, பாஸ்போர்ட்டை ஒரு மனிதர் கையில் வாங்கிப் பார்த்த முதல் இடம் கேட்தான்.

அப்போது மணி காலை 6:05. விமானம் 6:30-க்கு. புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு, அதாவது 6:10-க்கு, கேட்டை மூடிவிடுவார்கள். முத்திரை வாங்கும் கவுன்டரோ பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே. போய் வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, மறுபடி பெல்ட்டைக் கழற்றிச் சோதனை முடித்துத் திரும்ப ஐந்து நிமிடம் எப்படிப் போதும்? மூவரின் போர்டிங் பாஸ் நகல்களை இணைத்திருக்கிறோம். குறிப்பு வர வேண்டிய இடம் வெள்ளையாக இருப்பதைப் பாருங்கள்.

மூவரில் ஒருவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம் பிள்ளைகள் பலருடைய பாஸ்போர்ட் இப்படித்தான். நீங்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கிருந்த தந்தை பெயரை எடுத்துக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறீர்கள். டிக்கெட்டில் போட வேண்டிய பெயரைத் தெரிந்துகொள்ள, படம் இருக்கும் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரி எந்திர எழுத்தைப் பார்த்தாலே போதும். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்துப் பெயர் தொடங்கும். குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் இரண்டு கோணக் குறிகள் பிரிக்கும். அந்த வரியில் இல்லாத தந்தை பெயரை டிக்கெட்டில் சேர்க்கவே கூடாது. குடும்பப் பெயர் இல்லாதவருக்கு என்ன போடுவது என்பதை அந்தந்த விமான நிறுவனத்திடம் கேட்டு எழுத வேண்டும். ஓரிரு எழுத்துப் பிழையைத் திருத்துவது எளிது; ஒரு முழுப் பெயரையே மாற்றுவதற்குப் பல நேரம் டிக்கெட் விலையை விட அதிகக் கட்டணம் கேட்பார்கள்.

வேறு ஊர் நிறுவனம் என்றால் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். இது புதுச்சேரி. 1881 பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்களின் வாரிசுகளும், 1962-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த கைமாற்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், இந்தியப் பாஸ்போர்ட் பிள்ளைகளும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே கல்லூரிக்குப் போய், ஒன்றாகவே ஊர் சுற்றக் கிளம்புவார்கள். ஒரே குழுவில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் வருவது இங்கே அன்றாடம் நடப்பது. மாணவர்களுக்கென்றே தொகுப்பு விற்கும் நீங்கள், ஆளுக்கு ஆள் நாட்டுரிமை கேட்காத படிவத்தை வைத்திருப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது மின்னஞ்சல். விமான நிறுவனத்தின் பதிவில் பயணிகளின் மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் அலுவலக முகவரி இருக்கிறது. முதலில் 7:10-க்கு இருந்த விமானத்தை 6:30-க்கு முன்தள்ளிய செய்தி புதன்கிழமை மாலை உங்களுக்கு வந்திருக்கிறது. நீங்கள் அதை மாணவர்களுக்கு அனுப்பியது வெள்ளி இரவு. பதிவில் உள்ள மின்னஞ்சல் இல்லாமல் பயணி தன் டிக்கெட்டைத் தானே திறந்து பார்க்க முடியாது. பார்த்திருந்தால் நாட்டுரிமைத் தவறையும் அவர்களே கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார்கள். எல்லாத் தவறும் கேட் வரை மறைந்திருந்ததற்கு இந்த ஒன்றுதான் காரணம்.

அந்த 40 நிமிடம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் விளம்பரத்தில் ‘பாரிஸ் விமான நிலையம்’ என்று இருக்கிறது. டிக்கெட் எடுத்தது போவே நிலையத்திலிருந்து. அது பாரிஸிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் கடலூரைக் கடந்து சிதம்பரத்தையும் தாண்டிப் போகிற தூரம். பாரிஸிலிருந்து நிலையப் பேருந்து ஒன்றேகால் மணி நேரம் ஓடும். பாரிஸ் மெட்ரோ காலை 5:30 வாக்கில்தான் தொடங்கும். 6:30 விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் நடு இரவிலேயே அறையை விட்டுக் கிளம்பி, இரவுப் பேருந்தோ டாக்சியோ பிடித்து நிலையப் பேருந்துக்குப் போக வேண்டும். ஐந்து பேர், பெட்டிகளோடு: டாக்சிக்கு 48 யூரோ. மலிவு விமானத்தில் மிச்சமாகும் காசு இப்படித்தான் தரையில் கரையும். இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லியிருந்தால், மத்தியான விமானத்துக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் தயாராக இருந்தோம் என்கிறார்கள் பெற்றோர்.

பையிலும் ஏமாற்றம். ‘கைப்பை உள்ளடக்கம், 55×40×20 சென்டிமீட்டர்’ என்று உங்கள் தாளில் இருக்கிறது. நீங்கள் எடுத்த அடிப்படைக் கட்டணத்தில் இருந்ததோ இருக்கைக்கு அடியில் நுழையும் 40×30×20 அளவுச் சின்னப் பை ஒன்று மட்டும். தலைக்கு மேல் தட்டில் வைக்கும் பை தனிக் கட்டணம். முன்பே வாங்கினால் குறைவு, கேட்டில் பிடிபட்டால் பல மடங்கு. ஏறிய இருவரும் உங்கள் தாளை நம்பி 55 சென்டிமீட்டர் உருளைப் பெட்டி கொண்டுபோனார்கள். கேட்டருகே வைத்திருந்த இரும்பு அளவுக்கூட்டில் சக்கரமும் கைப்பிடியும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஆளுக்கு 70 யூரோ கட்டினார்கள். ரசீது இணைப்பில்.

ஹாஸ்டலை ஐந்து படுக்கைக்கும் ஒரே பெயரில் பதிந்தீர்கள். அந்தப் பெயருக்குரியவர் கேட்டில் நின்றுபோன மூவரில் ஒருவர். ஹங்கேரியில் தங்குமிடங்கள் 2021 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு விருந்தினரின் அசல் அடையாள ஆவணத்தையும் ஸ்கேன் செய்தாக வேண்டும். பதிவுக்குரியவர் வராததால் ‘வரவில்லை’ என்று பதிவை ரத்து செய்துவிட்டார்கள். இருவரும் வேறு இடத்தில் இரண்டு இரவுக்குப் படுக்கை எடுத்தார்கள்.

கேட்டில் நின்றபடி மாணவர்கள் உங்கள் ‘24 மணி நேர உதவி’ எண்ணுக்கு நான்கு முறை அழைத்தார்கள். பாரிஸில் காலை 6:10 என்றால் கோடை நேரப்படி இங்கே 9:40. யாரும் எடுக்கவில்லை. பத்து மணிக்கு மேல் எடுத்த ஊழியர் சொன்ன இரண்டு செய்தியும் தவறு.

ஒன்று, “போகும் பயணம் தவறினால் திரும்பும் டிக்கெட்டும் செல்லாது.” இவர்கள் எடுத்த டிக்கெட்டில் போகும் வழியும் வரும் வழியும் தனித்தனி, நிபந்தனைத் தாளை இணைத்திருக்கிறோம். அன்று மாலை வேறு வழியில் புடாபெஸ்ட் போயிருந்தால் திங்கள் காலை அதே டிக்கெட்டில் திரும்பியிருக்கலாம். அவர் பேச்சை நம்பி மூவரும் அறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

இரண்டு, “விமான நிறுவனத்திடம் 250 யூரோ இழப்பீடு கேளுங்கள்.” ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில் 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு அந்தத் தொகை உண்மைதான். ஆனால் அது விமானம் ரத்தானாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, இடம் இல்லை என்று ஏற்றாமல் விட்டாலோ கிடைப்பது. ஆவணக் காரணத்தால் ஏற்ற மறுத்தால் நிறுவனத்துக்குத் தப்பிக்க அந்த விதியிலேயே வழி இருக்கிறது. உங்கள் பிழைக்கு இன்னொருவரைக் கைகாட்டியதால் மாணவர்கள் மூன்று வாரத்தை வீணாக்கினார்கள்.

விமான நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய ஒன்று உண்டு, அது உங்கள் கையில் இருக்கிறது. பயணம் செய்யாதவரின் விமான நிலைய வரிகளை, கேட்ட 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது பிரான்சின் நுகர்வோர் சட்டம். நீங்கள் உங்கள் கார்டில் டிக்கெட் எடுத்ததால் அந்தப் பணம் உங்களிடம்தான் வரும். விண்ணப்பித்தீர்களா, வந்துவிட்டதா என்பதை எழுத்தில் சொல்லுங்கள். டி.சி.எஸ் (வெளிநாட்டுத் தொகுப்பு விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) என்று பிடித்த தொகை பெற்றோரின் பான் கணக்கில் இன்னும் தெரியவில்லை; அதற்கும் சான்று வேண்டும்.

நாங்கள் கேட்பது இது. பயணம் செய்ய முடியாத மூவரின் முழுக் கட்டணம் 44,400 ரூபாய். அத்துடன் பைக் கட்டணம் 140 யூரோ, மாற்றுப் படுக்கை 72 யூரோ, மூவர் பாரிஸ் திரும்பிய பேருந்து 51 யூரோ, டாக்சி 48 யூரோ. ஆக மொத்தம் 311 யூரோவை, செலவான அன்றைய வங்கி மாற்று விலையில் ரூபாயாக. மன உளைச்சலுக்கு என்று தனித் தொகை எதுவும் நாங்கள் சேர்க்கவில்லை. ரசீது உள்ளதை மட்டுமே கேட்கிறோம்.

பணத்தைப் போலவே முக்கியமானது உங்கள் படிவம். ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியாக நாட்டுரிமையும் அவருடைய சொந்த மின்னஞ்சலும் கேளுங்கள். விளம்பரத்தில் நிலையத்தின் உண்மையான பெயரையும் நகரிலிருந்து அதன் தூரத்தையும் எழுதுங்கள். பையின் அளவை அந்தக் கட்டணத்துக்கு உரியபடி போடுங்கள். இதே தொகுப்பை அடுத்த மாதத்துக்கும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதில் எங்களுக்குத் தெரிந்த நான்கு பிள்ளைகள் பணம் கட்டியிருக்கிறார்கள். இருவர் இந்தியப் பாஸ்போர்ட். அவர்களின் பதிவை இந்த வாரமே திறந்து பார்த்துத் திருத்தித் தாருங்கள்.

மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020-இன்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் முதல் மின்னஞ்சலுக்கு அந்த ஒரு வரிப் பதிலைத் தவிர முறையான ஒப்புகையே வரவில்லை. தொகை 15 நாளில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாட்டுக்காக புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம். பணம் கட்டிய பெற்றோர் இங்கேயே வசிப்பதால் இங்கேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
பயணிகள் ஐவருக்காகவும் பெற்றோருக்காகவும்,
மாணவர் வழிகாட்டுநர்கள் மூவர்.

இணைப்பு: முன்பதிவுத் தாள், உங்கள் விளம்பரத் தாள், போர்டிங் பாஸ் நகல்கள் 5, விமான நிறுவனத்தின் நிபந்தனைத் தாள், பாஸ்போர்ட் மற்றும் விசா பக்கங்களின் நகல்கள், ரசீதுகள், நேர மாற்ற மின்னஞ்சல், ஐவரின் ஒப்புதல் கடிதங்கள்.