எட்டும் பழுப்பு: கெட்டுப்போன வேதிப்பொருள் குறித்த புகார்

தூத்துக்குடி,
16.6.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: அசிட்டைல்தயோகோலின் அயோடைடு, 1 கிராம் புட்டி, கெட்ட நிலையில் வந்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். கடந்த மாதம் ரூ. 4,956 செலுத்தி உங்களிடம் வாங்கிய மேற்படி புட்டி பயன்படவில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். உங்கள் பிரதிநிதி கேட்டார்: "நிறம் நன்றாகத்தானே வந்திருக்கிறது, மேடம்?"

நிறம் வந்ததுதான் புகாரே. குறிப்பிட்ட ஒரு நொதி உள்ள செல்களை மட்டும் பழுப்பாக்கிக் காட்டத்தான் இப்பொருளை வாங்கினேன்.

பட்டப்படிப்பில் எல்லோரும் படம் வரைந்து பாகம் குறித்த ஹெர்ட்மேனியாவை உங்கள் அலுவலகத்திலும் யாராவது நினைவு வைத்திருப்பார்கள். தொட்டால் தண்ணீரைப் பீச்சும் அந்தக் கடல் உயிரி அசிடியன் வகையைச் சேர்ந்தது; வளர்ந்தபின் ஒட்டிய இடத்தைவிட்டு நகராது. ஆனால் இளம்பருவத்தில் அதற்கு வால் உண்டு, வாலில் தசை உண்டு. அந்தத் தசைச் செல்களில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உருவாகும். எந்தச் செல்லில் உருவாகும் என்பது பெரும்பாலும் முட்டையின் சைட்டோபிளாசம் (செல்லுக்குள் உள்ள கூழ்) பங்கிடப்படும்போதே முடிவாகிவிடுகிறது. ஸ்டைலா என்ற அசிடியனின் முட்டையில் பிறைபோல் தெரியும் மஞ்சள் பகுதி வால் தசைக்குப் போய்ச் சேர்வதை 1905இல் உயிரியலாளர் கான்க்ளின் விவரித்தார். 1973இல் விட்டேக்கர் என்ற ஆய்வாளர், சியோனா என்ற இன்னொரு அசிடியனின் கருக்களுக்குச் சைட்டோகலாசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துச் செல் பிளவை நிறுத்தினார். பிளவு நின்றது, நொதியோ உரிய நேரத்தில் வந்தது. எட்டுச் செல்களோடு நின்ற கருவில் அதிகபட்சம் இரண்டு செல்களே நிறமேற்றன. மற்ற ஆறும் வெறுமையாக இருந்தன. அந்த ஆறு இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

இதைச் செய்துபார்க்க என் முதுகலை மாணவியர் இருவர் இரண்டு இரவு கண்விழித்தார்கள். மூன்றாவது பிளவு முடிந்த கணத்தைத் தவறவிடாமல் சைட்டோகலாசின் சேர்த்தார்கள். உங்கள் பொருளை ஊற்றியதும் எட்டுச் செல்களும் பழுப்பாகிவிட்டன. உங்கள் புட்டியை நம்பினால் இந்த உயிரிக்குக் குடலும் தோலும் மூளையும் எல்லாமே தசைதான்!

பிழை எங்களுடையதாக இருக்கலாம் என்றே முதலில் நினைத்தோம். நொதியை முடக்கும் எசரினைச் சேர்த்துப் பார்த்தோம், அப்போதும் பழுப்பு. கடைசியில் கருவே இல்லாத வெறும் கலவையை வைத்தோம். ஐந்து நிமிடத்தில் அதுவும் பழுப்பு. வேறொரு கல்லூரித் தோழியிடம் அதே பொருளில் ஒரு சிட்டிகை கடன் வாங்கி, மிச்சமிருந்த கருக்களில் போட்டதும் இரண்டே செல்கள் நிறமேற்றன. கலவையில் சேரும் ஃபெர்ரிசயனைடும் காப்பர் சல்பேட்டும் எல்லாச் சோதனையிலும் ஒன்றுதான். மாறியது உங்கள் புட்டி மட்டும்.

காரணம் எளிது. நொதி இப்பொருளை உடைத்தால் தயோகோலின் வெளிப்படும். அது ஃபெர்ரிசயனைடை ஃபெர்ரோசயனைடாக மாற்ற, அது காப்பருடன் சேர்ந்து பழுப்பாகப் படியும். புட்டிக்குள்ளேயே உடைந்து கிடப்பதற்கு நொதி எதற்கு?

லேபிளில் "−20 டிகிரியில் வைக்கவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி, ஞாயிறு முழுவதும் கூரியர் கிடங்கில் கிடந்து, திங்கள் பிற்பகல் வந்தது. உள்ளே இருந்த ஐஸ் பை வெதுவெதுப்பாக இருந்தது. தூள் கட்டிபட்டு மஞ்சளாகியிருந்தது. மூடியைத் திறந்ததும் காடி நெடி. அன்றே திருப்பி அனுப்பாதது என் தவறு. கருக்கள் கிடைக்கும் நாளை விட மனமில்லாமல் பயன்படுத்திவிட்டேன்.

வேறு தொகுதியிலிருந்து புதிய புட்டியை, அதன் பகுப்பாய்வுச் சான்றிதழோடு, திங்கள் அல்லது செவ்வாயன்று அனுப்புங்கள். முடியாதென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். வீணான சைட்டோகலாசினுக்கான ரசீதையும் இணைத்திருக்கிறேன். அதில் பாதியையாவது ஏற்பது நியாயம். மாணவியரின் இரண்டு இரவுகளுக்கு நான் ரசீது தர முடியாது.

பழைய புட்டியை மூடி ஒட்டி, உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் பிரதிநிதி நேரில் வந்தால், கருவே இல்லாமல் நிறம் எவ்வளவு நன்றாக வருகிறது என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் துறை உதவிப் பேராசிரியர்

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், புகைப்படங்கள் 4, சைட்டோகலாசின் ரசீது