மலைக்காட்டுப் பாம்புத் தேடல்: ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். மலேசியாவின் கேமரன் மலையில் நம் இரவுப் பாம்புத் தேடல் எப்படி முடிந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அடுத்த பயணத்துக்கும் அதே அட்டவணை வந்திருப்பதைக் கண்ட பின்னரே இதை எழுதத் துணிந்தேன்.

அன்று மாலை தொடங்கிய மழை இரவு பத்து மணியளவில்தான் ஓய்ந்தது. மூத்த உறுப்பினர்கள் உட்பட அனைவரும் நனைந்த சட்டையோடு, குளிரில் நடுங்கியபடி, பாம்பு தேட ஏற்ற அந்த நேரத்துக்காகத்தான் ஒதுங்கி நின்றோம். தவளைகள் கத்தத் தொடங்கின. டார்ச் விளக்குகளை எடுத்தோம். பேருந்து ஓட்டுநர் காத்திருக்கிறார் என்று சொல்லி எங்களைத் திருப்பி அழைத்துக்கொண்டீர்கள். ஓட்டுநர்மேல் குறையில்லை, அவருக்கும் ஓய்வு வேண்டும். அவருடைய வேலை நேரத்துக்குள் காட்டை அடக்கப் பார்த்தது யார் என்பதே என் கேள்வி.

2004ஆம் ஆண்டில்தான் தனி இனமாக விவரிக்கப்பட்ட கேமரன் மலைக் குழிவிரியன், பச்சை இலைகளுக்கிடையே அசையாமல் சுருண்டு இரைக்காகக் காத்திருக்கும். பேருந்து நிறைய ஆட்கள் பேசிக்கொண்டே கடந்தால் கண்ணில் படாது. மாக்ரோகலாமஸ் பேரினத்துச் சிறு பாம்புகளோ சருகுக்கும் மட்கிய கட்டைக்கும் அடியில் ஒளிந்து வாழ்பவை. அவற்றைத் தேடிப் புரட்டிய கட்டைகளைப் பழையபடி வைக்கவும் அன்று நமக்கு நேரம் இல்லை.

ஆகவே, தேடும் நேரத்தை மழையைப் பார்த்து வகுத்துத் தாருங்கள். நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்கள், ஒரே சரிவில் தொடர்ந்து சில இரவுகள், காட்டோரத் தங்குமிடம், வனத்துறை அனுமதி, விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் உண்டு என்ற முன்விசாரிப்பு ஆகியவை போதும். எதுவும் தென்படாத இரவிலும் எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த உயரத்தில் தேடினோம் என்பதைப் பதிவு செய்யுங்கள். அந்த விவரமின்றி "இங்கே பாம்பு இல்லை" என்று அறிக்கை எழுதுவது தகாது.

163 மீட்டர் புக்கிட் தீமாவைவிட உயரமான குன்று இல்லாத சிங்கப்பூரிலிருந்து போகும் நாம், 2,000 மீட்டரைத் தாண்டும் கேமரனின் பிரிஞ்சாங் மலையை நீண்ட வார இறுதியின் ஓர் இரவில் பார்த்து முடித்துவிடலாம் என்று நம்புவது பெரிய துணிச்சல்தான். ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துக்கும் ஸ்டீம்போட் விருந்துக்கும் ஒதுக்கிய நேரம் மட்டும் ஒரு நிமிடமும் குறையவில்லை. பாம்புகளுக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்பியிருக்கலாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. உங்கள் உழைப்பை மதிக்கிறேன். உறுப்பினர்கள் முன்பணம் கட்டும் முன்பே, மழையைப் பார்த்து நேரம் வகுத்த புதிய அட்டவணையை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உறுப்பினர் ஒருவர்,
ஈசூன்