வீட்டைப் பார்க்க வந்தவருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிக் கடனில் வீடு கட்டுகிற கிராமத்துக்காரர்கள் பலர் ஒரு நோட்டில் செலவு எழுதி வைப்பார்கள். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி என்று வரிசையாக வரும், நடுவில் 'பேங்க் இன்ஜினியர் வந்ததுக்கு' என்று ஒரு வரி வரும். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும், அந்த வரிக்கு மட்டும் எதுவும் இருக்காது. அந்த இன்ஜினியர் நான்தான். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து ஊர்களுக்குப் பதினான்கு வருடமாக வங்கிகளின் பேனல் பொறியாளராக, அதாவது வங்கி தன் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிற வெளி இன்ஜினியராக, போய் வருகிறேன். அதனால் இது அடுத்தவர் மேல் சொல்கிற குற்றச்சாட்டு மட்டும் இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வீடு கட்டக் கடன் என்றால் வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் தராது. முதலில் மனையையும் எஸ்டிமேட்டையும் பார்த்து மதிப்பீடு. அப்புறம் பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்), கூரை கான்கிரீட், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் பேனல் பொறியாளர் நேரில் போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து, இத்தனை சதவீத வேலை முடிந்திருக்கிறது என்று சான்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தவணை. ஆக நாலு தடவையோ ஐந்து தடவையோ போக வேண்டியிருக்கும். போகிற ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம். கட்டணம் எவ்வளவு என்று வங்கி எங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது, கடன் வாங்குகிறவருக்கு அந்தப் பட்டியலைக் காட்டுவதில்லை. "இன்ஜினியர் வருவார், அவருக்கு உள்ளதைக் கொடுத்துருங்க" என்று கிளையில் சொல்லி அனுப்புவதோடு சரி. அந்த 'உள்ளது' 1,000 ரூபாயா 3,000 ரூபாயா என்பது வருகிற ஆளைப் பொறுத்தது.

இதில் பல கடன்கள் அரசின் திட்டத்தோடு ஒட்டி வருகிறவை. 2017-ல் கிராமப்புற வீட்டுக் கடனுக்கு 2 லட்சம் வரைக்கும் 3 சதவீத வட்டி மானியம் என்று வந்தது. பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1,20,000 ரூபாய் தருவார்கள், அது போதாது என்பவர் 70,000 ரூபாய் வரை வட்டி குறைத்த கடன் கேட்கலாம். அரசு இப்படி ஒவ்வொரு சதவீதமாகக் குறைத்துக் கொடுப்பதை, ரசீது இல்லாத 2,000, 2,000 என்று நாங்கள் திரும்ப வாங்கிவிடுகிறோம்.

அதே பிரதமர் திட்டத்து வீட்டை ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வந்து பார்க்கிறார், போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றுகிறார், அதன் பிறகுதான் அடுத்த தவணை வருகிறது. அதற்குக் கட்டணமே கிடையாது. யாராவது பெட்ரோலுக்குக் காசு கேட்டால் அது லஞ்சம் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கொடுத்தாலும் தெரிந்தே கொடுப்பார்கள். வங்கிக் கடனில் அப்படி இல்லை. இங்கே கட்டணம் நியாயமாகவே உண்டு. ஆனால் பில் இல்லாததால் கட்டணத்துக்கும் பெட்ரோல் காசுக்கும் வித்தியாசமே தெரியாமல் போய்விட்டது. என்னைக் கேட்டால் எல்லாக் கோளாறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வருடம் நரிக்குடிப் பக்கம் ஒரு லாரி ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு மேல் இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தார், புதிதாக மதிப்பீடு போடச் சொல்லி ஃபைல் என்னிடம் வந்தது. வீடு முடிந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஜன்னல் மூலையிலிருந்து தளத்தை நோக்கிக் குறுக்கே ஒரு வெடிப்பு, ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்திச் செருகலாம் போல இருந்தது. எங்கள் பக்கம் கரிசல் மண். மழைக்கு ஊதும், கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். வானம் (அஸ்திவாரக் குழி) ஆழமாகத் தோண்டி, மண்ணை மாற்றி மணலோ கிராவலோ நிரப்பி, பேஸ்மட்டத்தில் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் போடாவிட்டால் சுவர் இப்படித்தான் பேசும்.

"பெல்ட் போட்டீங்களா?"

"இல்ல சார், யாரும் சொல்லலையே."

"பேஸ்மட்டத்துல பேங்க் இன்ஜினியர் வந்து பாத்திருப்பாரே?"

"வரலை சார். போட்டோ அனுப்பச் சொன்னாரு, அனுப்பினேன். காசை அவர் அனுப்பிச்ச பையன் வந்து வாங்கிட்டுப் போனான்."

நாலு தடவைக்கும் பணம் கொடுத்திருக்கிறார். வந்தது இரண்டு தடவை. ஆனால் ஃபைலில் நாலு சான்றும் இருக்கின்றன, நாலிலும் 'நேரில் பார்வையிட்டேன்' என்று தேதி போட்டுக் கையெழுத்து. அவர் கிளையில் போய்க் கேட்டதற்கு, பணம் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். என்ன ஆதாரம் இருக்கும்? வானத்தை மண் போட்டு மூடிய பிறகு உள்ளே எத்தனை அடி தோண்டினார்கள் என்று யாரும் பார்க்க முடியாது, பார்க்க வேண்டிய அந்த ஒரு வாரத்தில் பார்க்க வேண்டியவர் வரவில்லை, வரவில்லை என்று நிரூபிக்க ஒரு தாளும் இல்லை. தேதியும் கட்டத்தின் பெயரும் போட்டு ஒரு பில் கையில் கொடுத்திருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே, 'இந்தத் தேதியில் நீங்கள் வரவே இல்லையே' என்று கேட்டிருப்பார். அவருக்குக் கிளையில் கிடைத்த மரியாதையும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

விதி இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது, அந்த அக்டோபர் 1 முதல் புதிதாகத் தருகிற எல்லாச் சில்லறைக் கடனுக்கும் (தனி ஆட்களுக்குத் தருகிற கடன்) அது பொருந்தும், வீட்டுக் கடனும் அதில் அடக்கம். அதன்படி கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் 'முக்கிய விவர அறிக்கை' என்று ஒரு தாள் தர வேண்டும். அதில் மதிப்பீட்டுக் கட்டணத்துக்கு என்றே ஒரு வரி இருக்கிறது, வங்கி வழியாக வெளியாளுக்குப் போகிற பணத்துக்குத் தனிக் கட்டமும் இருக்கிறது. அறிக்கையில் இல்லாத கட்டணத்தைப் பின்னால் கடன் வாங்கியவரின் சம்மதம் இல்லாமல் வங்கி வாங்கக் கூடாது. வெளியாளுக்கான பணத்தை வங்கி வசூலித்தால் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தர வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் 'வங்கி வசூலித்தால்' என்கிற இடத்தில் ஒரு சந்து இருக்கிறது. வங்கி வசூலிக்காமல், பார்ட்டியே, அதாவது கடன் வாங்குகிறவரே, இன்ஜினியர் கையில் கொடுத்துவிட்டால்? என் கண்ணில் பட்ட தாள்கள் பலவற்றில் அந்த வரியில் ஒரு கோடு இழுத்திருந்தது, அல்லது பூஜ்யம். முதல் மதிப்பீட்டுத் தொகையை எழுதுகிறவர்கள்கூட, அப்புறம் வரப்போகிற நாலு தடவையை எழுதுவதில்லை. இன்னொன்று, முன்னுரிமைக் கடனில் (விவசாயம், வீடு போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கு வங்கிகள் முன்னுரிமை கொடுத்துத் தர வேண்டிய கடன்) 50,000 ரூபாய் வரைக்கும் பார்வைக் கட்டணம் உட்பட எந்தச் சேவைக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கழிப்பறை கட்ட, கூரை மாற்ற என்று சின்னத் தொகை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போது என் கதை. நானும் ஏழெட்டு வருடம் கையில் வாங்கிப் பையில் போட்டவன்தான். 2019-ல் என் மாமனார் ஊரில் வீடு கட்டினார், வேறு வங்கி, வேறு இன்ஜினியர். வந்தவர் போன பிறகு மாமனார் என்னிடம், "ஏன் மாப்ளே, நீங்களும் இப்படித்தான் வாங்குவீகளா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் அருப்புக்கோட்டையில் ஒரு அச்சகத்தில் கார்பன் வைத்த பில் புத்தகம் ஐந்து அடித்து வாங்கினேன். பில் எண், தேதி, ஊர், எந்தக் கட்டம், தொகை, கையெழுத்து, அவ்வளவுதான்.

முதல் மாதமே ஒரு கிளையிலிருந்து போன். "சார், பில்லெல்லாம் எதுக்கு, பார்ட்டி அதக் கொண்டாந்து இங்க கேள்வி கேக்குறாங்க." நான் நிறுத்தவில்லை. சண்டை எதுவும் வரவில்லை, ஆனால் அந்தக் கிளையிலிருந்து ஃபைல் வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது.

எங்கள் ஆட்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு பயல் என்னோடு பேச மாட்டான். நாற்பது கிலோமீட்டர் பைக்கில் போய் வந்து, ரிப்போர்ட் அடித்து, வண்ணப் போட்டோ ஒட்டிக் கொடுத்துவிட்டு, வங்கிக்கு பில் அனுப்பினால் பணம் வர மூன்று மாதம் ஆகும். கடன் தள்ளுபடி ஆகிவிட்டால் (மன்னிக்கவும், இங்கே தள்ளுபடி என்றால் மனுவை நிராகரிப்பது) அந்த மதிப்பீட்டுக்கு யாருமே பணம் தருவதில்லை. அதனால்தான் ரொக்கத்தைக் கையோடு வாங்கும் பழக்கம் வந்தது. வங்கி வழியாக வந்தால் பத்து சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிக்காக முன்கூட்டியே கழிப்பது) பிடிப்பார்கள், வருமானம் கணக்கில் ஏறும் என்கிற காரணமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாமல் '18 சதவீதம் சேர்த்து' என்று வாங்குகிறவர்களையும் எனக்குத் தெரியும். வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் தொழில் செய்கிறவர் பதிவு செய்ய வேண்டியதில்லை, பதிவு இல்லாதவர் வரி வாங்கவும் கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லையென்றால் அந்த 18 சதவீதத்தைக் கொடுக்காதீர்கள்.

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எத்தனை தடவை பார்வைக்கு வருவார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று அந்த முக்கிய விவர அறிக்கையிலேயே தமிழில் எழுதிவிடுங்கள். பணத்தைக் கடன் கணக்கில் பிடித்து எங்களுக்கு நீங்களே பதினைந்து நாளில் அனுப்புங்கள், எங்கள் பில்லின் ஒரு நகலும் ரிப்போர்ட்டின் ஒரு நகலும் வீட்டுக்காரருக்குப் போகட்டும். பார்க்கப்படுகிறவர் கையிலேயே பார்க்க வந்தவர் காசு வாங்கினால், பெல்ட் இல்லாததை எழுத யாருக்கும் பேனா சீக்கிரம் நகராது. இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

கடன் வாங்குகிறவர்கள், இன்ஜினியர் வருகிற அன்று வீட்டில் இருங்கள், தயங்காமல் பில் கேளுங்கள். தர மறுத்தால் கிளைக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

என் பில் புத்தகத்திலிருந்து ஒரு வெற்றுத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அதையும் படமாகப் போடுங்கள், வேண்டியவர்கள் அப்படியே அடித்துக்கொள்ளட்டும், பெரிய செலவு ஆகாது. என் பெயரை மட்டும் போட வேண்டாம், மிச்சம் இருக்கிற இரண்டு கிளைகளிலிருந்து இன்னும் ஃபைல் வந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பேனல் பொறியாளர்,
அருப்புக்கோட்டை